மூத்தவளின் கடதாசி

நவம்பர் 3, திங்கள்

காலை வெயில். இரண்டு மணிக்கு மழை. பிரஷர் மாத்திரை ஆறு நாளைக்கு மட்டும்.

லண்டனிலிருந்து தங்கை ராஜியின் அழைப்பு. நாற்பது வருடமாக அகதிப் பெண்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவள். இம்முறை பசறைத் தோட்டத்துப் பெண், செல்வி. வீட்டு வேலைக்குப் போன நாட்டில் அடி. தப்பி லண்டனில் அடைக்கலம் கேட்கிறாள். அவள் காட்டிய பிறப்புச் சான்றிதழுக்கு உரியவள் பிறந்து மூன்று மாதத்திலேயே இறந்தவளாம். பொய்க்காரி என்கிறார்கள் அதிகாரிகள்.

“அண்ணை, நீங்கள்தானே அந்தத் தோட்டத்துக் கந்தோரில கிளாக்கரா இருந்தனீங்கள். ஏதும் ஞாபகம் இருக்கோ?”

பார்க்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. தெரியும்.

நவம்பர் 4

செல்வியின் தாய்க்கு மூத்தது ஒரு பெண் குழந்தை, அதன் பெயரும் செல்வி; அது இறந்தது. அடுத்ததற்கும் அதே பெயர். பதியப் பதுளைக்குப் போனால் தாய்க்கு அன்றைய சம்பளம் இல்லை, அதனால் பதியவில்லை. பள்ளியில் சான்றிதழ் கேட்டபோது மூத்தவளுடையதையே கொடுக்கச் சொன்னேன். தோட்டத் தொழிலாளர் இருந்த பல லயங்களில் அப்படித்தான். மரணத்தைப் பதியக் கடிதம் எழுதியதும் நானே.

இதையெல்லாம் சத்தியம் செய்து எழுதி, சத்தியக் கடதாசியாகக் கொடுத்தால்:
1. வழக்கு வருமா?
2. என் மகன் என்ன சொல்வான்?
3. விசாரணையில் செல்வியைத் திருப்பி அனுப்பாமல் இருப்பார்களா?

மூன்றாவதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

பசறை பஸ். நின்றபடி. செல்வியின் தாய் மாரியாயி வீட்டில்தான்.

“வாங்கய்யா. இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப மூத்தது செத்திருச்சுன்னு எழுதணுங்களா?”

“அது அப்பவே எழுதியாச்சு.”

“பொதைச்சவ நாந்தானே, தெரியாதா? ஆனா கடதாசில இருந்தாளேங்க.”

பிளேன்டீ. சீனி அதிகம். குடித்தேன்.

“சரி, எழுதுங்க. சின்னவ இந்தச் சிக்கல்ல இருந்து வெளிய வரட்டும். பயந்துக்கிட்டே எழுதாதீங்க, கையெழுத்துக் கோணிரும்.”

நவம்பர் 7, வெள்ளி

பதுளை. சத்தியக் கடதாசிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் சமாதான நீதவான் ஒரு துணிக்கடை முதலாளி; இரண்டு தடவை வாசித்தார்.

“ஏங்கய்யா, பழைய தோட்டத் துரை மேல பழியப் போட்டுற ஏலாதா? அவரு வந்து கேக்கவா போறாரு?”

வேண்டாம் என்றேன். கொடுக்கச் சொன்னது நான்தானே. கையெழுத்து கோணல்தான்.

ராஜிக்கு வாட்ஸ்அப்பில் படம். மூலம் பதிவுத் தபாலில். குடையைத் தபால் கந்தோரில் விட்டுவிட்டேன்.

மாலை ராஜி: “திங்கள் விசாரணை. இதைக் குடுக்கிறம். பெட்டைக்கு வாசிச்சுக் காட்டினன். தனக்கு ஒரு அக்கா இருந்ததே தெரியாதாம். அக்காவை எங்க புதைச்சது எண்டு கேக்கிறாள்.”

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பின்னால், மேட்டில். இப்போது அங்கே என்ன இருக்கிறதோ.

ஞாயிறு மறுபடி பசறை. மாரியாயி மேடு ஏறுவாளா, கேட்க வேண்டும்.