நூலகம் எந்தத் தெருவில்?

செஞ்சி
17 ஜூன் 2025

அன்புள்ள கலை,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். வேறு வழி தெரியாமல் தபாலாபீசில் ஒரு கவர் வாங்கிவந்து, ஸ்கூலில் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். சாம்பார் கறை பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

நீ பிறந்த ஊருக்கே நான் மருமகளாக வந்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். ஊருக்கு நூலகம் வருகிறது என்றதும் முதலில் போன் போட்டுக் குதித்ததும் நாம் இருவர்தான். எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்ததும் முதலில் முறைத்துக்கொண்டதும் நாமேதான். 'பெருமாள் கோயில் தெருவில் பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கட்டலாம், காலனிப் பக்கம் கட்டினால் ஊர்ப் பிள்ளைகள் வராது' என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். நடக்கப்போவதைச் சொன்னேன். அதை என் ஆசை என்று நீ படித்தாய். 'இத்தனை வருஷம் பழகியும் நீயும் ஊர்க்காரிதான்' என்று ஒரு வரி போட்டுவிட்டு குரூப்பை விட்டே போய்விட்டாய். அந்த வரி இன்னும் எனக்கு வலிக்கிறது.

நீ போன பிறகு குரூப் இன்னும் மோசம். காலையில் ஒருவர் கேட்டதற்கு மதியம் பதில் வருகிறது. சாயங்காலம் இன்னொருவர் அதையே புதிதாகக் கேட்கிறார். நடுவில் குட் மார்னிங் ரோஜாப்பூ. ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் முடிவெடுக்க வேண்டும். இப்படியே போனால் அங்கே அடிதடிதான் நடக்கும். கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும்.

உனக்கு என்மேல் கோபம் இருக்கட்டும். யோசனை இருந்தால் சொல்.

உன்
சுமலதா


சென்னை
25 ஜூன் 2025

அன்பு சுமா,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்களோ.

கோபம் இருக்கிறது. இருந்தாலும் நூலகம் வேறு ஊருக்குப் போகவிட மாட்டேன். அதனால் யோசனை சொல்கிறேன்.

எங்கள் ஆபீசிலும் இப்படித்தான் கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு விக்கி பக்கம் தொடங்கினோம். விக்கி என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற பக்கம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் அதிலேயே பதிவாகியிருக்கும். தலைப்பில் ஒரே கேள்வி. அதன் கீழே இரண்டு பக்கத்துக் காரணங்கள். ஒரு காரணத்தை ஒரு தடவைதான் எழுதலாம். மறுப்பு இருந்தால் அதற்கு நேர் கீழே, மறுப்புக்கு மறுப்பு அதற்கும் கீழே. ஒரு கத்தல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நம் ஊருக்கும் ஒன்று போட்டுவிட்டேன். விதிகள் மூன்று. ஆள் பெயர் எழுதக் கூடாது. அடுத்தவர் எழுதியதை அழிக்கக் கூடாது. மறுப்பு எழுத வருகிறவர், முதலில் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு நல்ல காரணம் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

டைப் அடிக்கத் தெரியாதவர்கள் சொல்வதை எழுதிப் போட காலனியில் என் தம்பி பீமாராவ் இருக்கிறான். ஊருக்குள் நீ இரு. அம்மாவிடமும் போய்க் கேள். அவர் காலனிப் பக்கம்தான் என்பதில் சந்தேகமில்லை, இருந்தாலும் கேள்.

பிளாக்கை எடுக்கவில்லை. கடிதமே நன்றாக இருக்கிறது. பதிலுக்குப் பதில் உடனே கொடுக்க முடியாது பார்.

கலைமதி


செஞ்சி
14 ஜூலை 2025

அன்புள்ள கலை,

பக்கத்தைத் தினமும் நீயும் பார்த்துக்கொண்டிருப்பாய். பக்கத்தில் தெரியாததை எழுதுகிறேன்.

உன் தம்பி ஒரு காரணம் போட்டானே, 'கோயில் தெருவில் காலனிப் பிள்ளைகள் சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள், அங்கே நூலகம் வைத்தால் எப்படி வருவார்கள்' என்று. அதை யாரோ என் மாமனாரிடம் படித்துக் காட்டிவிட்டார்கள். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, குரலை உயர்த்த மாட்டார். "இத அழிச்சுடு" என்றார். அழிக்கக் கூடாது என்பது விதி மாமா, அழித்தாலும் நான்தான் அழித்தேன் என்று பதிவாகிவிடும், பதில் வேண்டுமானால் கீழே எழுதலாம் என்றேன். அதற்கு முன்னால் காலனிப் பக்க இடத்துக்கு ஒரு நல்ல காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

அந்த இடம் மேடு, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, கோயில் தெருவில் ஐப்பசியில் முழங்கால் அளவு நிற்கும், புத்தகமெல்லாம் ஊறிப்போகும் என்றார். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டாங்க?" என்றார்.

பிறகு தன் மறுப்பைச் சொன்னார். 'அதெல்லாம் அந்தக் காலம். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.' அப்படியே போட்டேன்.

மறுநாள் அதற்குக் கீழே பீமாராவ் எழுதியிருந்தான்: 'போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகளை இறங்கச் சொன்னார்கள். சொன்னவர் பெயரை எழுதக் கூடாது என்பது விதி. எழுதவில்லை.'

கலை, சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். நான் அப்போது வாசலில்தான் இருந்தேன். கோயில் தெருவைப் பார்த்து மாமாவின் நாற்காலி எங்கே கிடக்கும் என்று உனக்கும் தெரியும்.

மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரு போடலயா?"

"போட மாட்டாங்க மாமா."

அன்று சாயங்காலம் அவர் வாசல் நாற்காலிக்குப் போகவில்லை. நான் அந்தச் செவ்வாய்க்கிழமையே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று எனக்கும் உறுத்துகிறது.

இன்னொரு செய்தி. உன் அம்மாவிடம் போனேன். நீ உட்கார்ந்துகொள். அவர் என் பக்கம். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"காலனில வெச்சா காலனி லைப்ரரின்னு பேரு வெச்சுடுவாங்க டீச்சரம்மா. அப்புறம் ஊர்ப் புள்ளைங்களும் வராது, புது புக்கும் வராது. ஊருக்குள்ளயே வையுங்க. எம் பேத்தி டெய்லி அந்தத் தெருவுல சைக்கிள்ல போவட்டும். போவப் போவப் பழகிடும். அவளுக்கு இல்ல, அவங்களுக்கு."

வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் விஷயத்துக்குப் பிறகு எனக்கு உன் பக்கம்தான் சரி என்று படுகிறது.

உன்
சுமா


சென்னை
22 ஜூலை 2025

அன்பு சுமா,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். சிரித்தேன், அழுதேன். பக்கத்து சீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அம்மாவை என்ன செய்வது? அவர் காலமெல்லாம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வயல்வழியே போனவர். இப்போது பேத்தியை அதே தெருவில் அனுப்புகிறார். நடு ராத்திரிவரை யோசித்து, விதிப்படி அவர் பக்கத்துக்கு ஒரு நல்ல காரணமும் எழுதிவிட்டு, மறுப்பையும் எழுதினேன்: 'பெரியவர்கள் திருந்துவதற்குக் குழந்தைகள் ஏன் அவமானப்பட வேண்டும்?' காலையில் பார்த்தால் பீமாராவ் கையால் அம்மாவின் பதில் வந்திருக்கிறது: 'வீட்டுக்குள்ள வெச்சிருந்தா மட்டும் அவமானம் இல்லையா?'

அம்மா சொன்னதில் இருக்கும் தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம். நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தம்பி மகளைக் காலனிக்குள்ளேயே பத்திரமாக வைக்கப் பார்த்திருக்கிறேன்.

உன் மாமனாரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ அன்று வாசலில் இருந்ததைச் சொன்னாயே, அதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னாய்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது.

உன்
கலை


செஞ்சி
18 ஆகஸ்ட் 2025

என் கலை,

உன்னால் வர முடியவில்லை என்று உன் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் நீ வந்திருந்தால் அவர் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

பக்கம் முழுவதையும் டவுனில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து சபையில் ஒட்டினோம். சத்தம் போடலாம் என்று வந்தவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டியிருந்தது. பாதிப் பேருக்குத் தாங்கள் சொல்ல வந்தது ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்குப் பதிலும் கீழேயே இருந்தது. அப்புறம் எதைக் கத்துவது?

மிஞ்சியது இரண்டே விஷயம். தண்ணீர், தெரு. அடித்தளத்தை உயர்த்திக் கட்டினால் தண்ணீர்ப் பிரச்சினை தீரும் என்று இன்ஜினியர் சொன்னார். தெருவைப் பற்றிப் பேச உன் அம்மா எழுந்து, என்னிடம் சொன்னதையே சபையிலும் சொன்னார்.

அதன் பிறகு மாமா எழுந்தார். "கோயில் தெருவுலயே கட்டலாம்" என்றார். "தெரு எல்லாருக்கும் பொது. யாரும் யாரையும் எறங்கச் சொல்லக் கூடாது. அத நான் பாத்துக்கறேன்."

கைகள் உயர்ந்தன. தீர்மானமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பார்க்கிறேன், மாமா சொன்னதை பீமாராவ் பக்கத்தில் போட, அதற்குக் கீழே நீ சென்னையிலிருந்து எழுதியிருக்கிறாய்: 'தெரு பொது என்றால் அதை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.' மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதுவும் சரிதான்" என்றார். மோர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

உன்
சுமா


சென்னை
9 பிப்ரவரி 2026

அன்பு சுமா,

நேற்றுத் திறப்பு விழா முடிந்து சென்னை திரும்பியதிலிருந்து எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நீயும் அங்கேதான் இருந்தாய் என்றாலும்.

அம்மா தெருவின் நடுவில் நடந்தார். ஓரமாக வா என்று நான் இழுத்தேன், பின்னால் பைக் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. "மெதுவா வரட்டும்" என்றார். முன்னால் பேத்தி சைக்கிளில் போனாள். குறுக்கே ஒருவரும் இல்லை, ஆனாலும் தெரு முழுக்க மணி அடித்துக்கொண்டே போனாள். உன் மாமனார் நாற்காலியில் இருந்தார். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு அவளுக்கு வழி விட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இவ்வளவுதான் இந்த வருஷத்துக்கு. போதும்.

உள்ளே ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே கார்ட்டூன் புத்தகத்துக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு என்ன நிம்மதி தெரியுமா.

நேற்று நீ சாப்பிடக் கூப்பிட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரம் நிறைய இருந்தது. உன் கல்யாணத்துக்கு அப்புறம் நீ எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாய், நானும் ஏதாவது ஒரு பஸ்ஸைச் சொல்லி நழுவியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து வடை தின்னும்போது, அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு. கோயில் தெரு வழியாக, முன்வாசலில். கறிக்குழம்பு வை, காரம் குறைக்காதே.

உன்
கலை