சோளக்கட்டையைப் போட்டது யார்

மே 8, வெள்ளி

தங்கை தன் நாய் சுருளியைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். அவளுக்கு ஒரு வாரம் வெளியூரில் அலுவலகப் பயிற்சி. நாளை என் அலுவலகத்து ஆட்கள் கொல்லையில் கறி சுட வருகிறார்கள் என்றதும் முகம் மாறியது. "அடுப்பு அணையிற வரைக்கும் உள்ளயே வை அண்ணா. எலும்பு, வெங்காயம், சோளக்கட்டை எதுவும் குடுத்துடாதே. எதைப் போட்டாலும் முழுங்கும்." எனக்குத் தெரியாதா என்றேன்.

மே 9, சனி

நல்ல வெயில், நல்ல கூட்டம். கோழி தீயவில்லை. களைப்பு.

மே 10, ஞாயிறு

காலையிலிருந்து சுருளி நாலு முறை வாந்தி எடுத்துவிட்டது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. சமையலறை மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது, படுக்க முடியவில்லை.

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். மேலாளர் நாயைப் பார்க்கணும் என்றார். நான்தான் கதவைத் திறந்து கொல்லைக்குக் கூட்டிவந்தேன். கை கொடு என்றால் கொடுத்தது, உருளு என்றால் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அலுவலகத்தில் என்னால் யாரும் சிரித்ததில்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் தட்டோடு நகர்ந்த பிறகும் அது என் காலடியிலேயே நின்று பார்த்தது. கையில் நான் கடித்து முடித்த சோளக்கட்டை. கூலி மாதிரி தூக்கிப் போட்டேன். இரண்டு கடி, ஒரு முழுங்கு. யாரும் பார்க்கவில்லை.

யாராவது ஏதாவது போட்டார்களா என்று மனைவி கேட்டாள். "எங்க ஆபீஸ் ஸ்டோர்காரர் பக்கத்துலதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு" என்றேன். அவர் போட்டார் என்று சொல்லவில்லை. சொல்லவில்லைதானே?

மே 11, திங்கள்

கால்நடை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. என்ன தின்றது என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தெரியாது என்றேன். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, நாளை பார்க்கலாம் என்றார்.

தங்கை பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறாள்.

மே 12, செவ்வாய்

நேற்று மாலையே மனைவி ஸ்டோர்காரருக்குப் போன் செய்திருக்கிறாள். மனிதர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கிளினிக்குக்கே வந்துவிட்டார். தங்கை முன்னால் நின்று, "என் தட்டுலேர்ந்து ஏதாவது விழுந்திருக்கும்மா. நான் கவனிக்கல. மன்னிச்சிருங்க" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அங்கேதான் இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். சீ.

அவர் வாசல்வரை போய்விட்டார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அவரில்ல. நான்தான் போட்டேன். சோளக்கட்டை."

மருத்துவர் எப்போது என்றார். சனிக்கிழமை என்றேன். "நேத்தே கேட்டேனே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுருளியை உடனே அறுவை சிகிச்சைக்குத் தூக்கிப்போனார்.

தங்கை என்னைப் பார்க்காமல் சுருளியின் பின்னாலேயே ஓடினாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 13, புதன்

பிழைத்துவிட்டது. குடலில் ஒரு விரல் நீளம் வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் கட்டையை மட்டும் எடுத்திருக்கலாமாம்.

அந்த ஒரு நாள் — நான் தின்றது.

மே 18, திங்கள்

அலுவலக ஸ்டோர் ஜன்னலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "நாய் பொழைச்சிருச்சில்ல, போதும்" என்றார். பிறகு மெல்ல, "போன் வந்த அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கல சார்."

ஜூன் 20, சனி

தங்கை வீட்டில் கறி சுட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். சுருளி என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து கையை நக்கியது. வயிற்றில் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. அடுப்பு மூட்டும்முன் அவள் அதை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த மாதம் மறுபடி பயிற்சிக்குப் போகிறாளாம். சுருளியை என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஸ்டோர்காரர் வீட்டுல விடுறேன் அண்ணா. அவரே கேட்டார்" என்றாள். சொல்லும்போது குரலில் கோபம்கூட இல்லை.