பிப்ரவரிக்கு ஓடிப்போன கடிகாரம்

ஜெனீவா,
அக்டோபர் 19

அன்புள்ள ரெமிக்கு,

நான் நலம். உன் நாலு கடிகாரங்களில் மூன்று நலம். நாலாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் பாதியிலேயே ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொள்கிறோம். காகிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று வீச ஆரம்பித்துவிட்டது. சமையலறை ஜன்னல் மறுபடி சாத்த வரவில்லை. அகத் அக்கா சியோன் ஊரிலிருந்து செஸ்ட்நட் கொட்டையும் ஒரு முழு வட்டு பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்திக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "பிப்ரவரி கடைசியில உன் புருஷன் வந்துடுவாருல்ல? அதுவரைக்கும் கெடாதுடி" என்றாள். உன் போன கடிதத்தில் இருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.

அணை வேலை நீள்கிறது, இன்னும் இரண்டு வருஷம் சிலியிலேயே இருக்கச் சொல்கிறார்கள், யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியிலேயே, கடிகாரங்களுக்குத் தினமும் சாவி கொடுக்கிறாயா என்று கேட்டிருந்தாய். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்.

கொடுக்கிறேன். காலையில் காபிக்கு முன்னால் அதுதான் வேலை. நின்றுவிட்டால் தேதி, கிழமை, மாதம், நிலா எல்லாவற்றையும் மறுபடி ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கும் என்று நீ பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறாயே. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. செப்டம்பர் முடிந்த மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். நாலும் முப்பத்தொன்றைக் காட்டாமல் தாமாகவே ஒன்றாம் தேதிக்குத் தாவி நின்றிருந்தன. நாம் பிறப்பதற்கு முன்னால் செய்த பல்சக்கரத்துக்கு, செப்டம்பருக்கு முப்பது நாள்தான் என்று யார் சொல்லிக்கொடுத்தது? கல்யாணமான நாளிலிருந்து நீ இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் காதில் வாங்கியதே இல்லை. அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

அந்தச் சனிக்கிழமை, கரூஜ் காபிக்கடைக்கு உன் கடிகாரக் கூட்டாளிகளைத் தேடிப் போனேன். மடித்த கைத்துண்டின் மேல் ஆளுக்கொன்றாகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கை நீட்டியதும் பல் டாக்டர் கோர்பாஸ் தடுத்துவிட்டார். "மதாம், மொதல்ல மோதிரத்தக் கழட்டுங்க. அடுத்தவன் கடிகாரத்த மோதிரக் கையோட தொடக்கூடாது, கீறிடும். இங்க அதான் சட்டம்" என்றார். நீ போட்டுவிட்ட நாளிலிருந்து அதை நான் கழற்றியதில்லை. சோப்புகூட இல்லாமல் சுலபமாக வந்துவிட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன் போலிருக்கிறது. பயப்படாதே, வீட்டுக்கு வருமுன் மறுபடி போட்டுக்கொண்டேன்.

லீப் வருஷம் என்று கடிகாரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உள்ள ஒரு சக்கரம், நாலு வருஷத்துக்கு ஒரு சுத்துதான் சுத்தும். நாப்பத்தெட்டு மாசமும் அதுல இருக்கு. மாசம் குட்டையானா விளிம்புல பள்ளம் ஆழம். நாலு பிப்ரவரில ஒண்ணுக்கு மட்டும் ஆழம் கொஞ்சம் கம்மி, அதான் இருபத்தொம்பது" என்று கோர்பாஸ் மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார். வருகிற பிப்ரவரியில் நானே பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பொறுத்திருங்கள் என்றும் சொன்னார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த எஃகுக் கடிகாரத்தை எடுத்தேன். நாலில் அதில்தானே தேதி மாற்றக் குச்சியால் அழுத்தும் பொத்தான்கள் கிடையாது? பக்கத்திலிருக்கும் சாவித் திருகை இழுத்து ஒரு சொடுக்குத் திருகினால், எல்லாம் சேர்ந்து ஒரு நாள் நகர்கிறது. நவம்பர் முப்பதைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்க்கத்தான் நினைத்தேன். அழகாகத் தாண்டியது. கை நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, ஜனவரி போயிற்று, நிலா தேய்ந்து வளர்ந்தது. பிப்ரவரி இருபத்தெட்டு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சொடுக்குத் திருகினேன். இருபத்தொன்பது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன், ரெமி. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

பிறகுதான், அன்றைய தேதிக்குக் கொண்டுவர, பின்னால் திருகினேன். திருகு வெறுமனே சுற்றியது. கோர்பாஸைப் போனில் பிடித்தேன். "அய்யோ மதாம், அது முன்னாடி மட்டுந்தான் போகும். திருக இழுத்தபடியே விடுங்க, நின்னுடும். இனி ரெண்டே வழி. ஒண்ணு, மூடியத் தெறந்து சக்கரத்தக் கழட்டி மாட்டணும். இல்லன்னா, நாள் அதுகிட்ட வந்து சேர்ற வரைக்கும் நிப்பாட்டியே வெச்சிருக்கணும். ரெமியும் இதே காரியத்தப் பண்ணிட்டு ரெண்டு மாசம் மேசை டிராயர்ல ஒளிச்சு வெச்சிருந்தாரே, உங்ககிட்ட சொல்லலியா?" என்று சிரித்தார். நீ சொன்னதே இல்லை. உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நீயும் ஆசை தாங்காமல் திருகியவன்தானே.

மூடியைத் திறந்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். திறந்தால் உனக்குப் பிடிக்காது என்பது மட்டும் காரணம் இல்லை. பிப்ரவரி இருபத்தொன்பதுதான் உன் ஒப்பந்தம் முடிகிற நாள். திரும்பி வருவதா என்று நீ யோசித்துக்கொண்டிருக்கிற அந்த நாளை உன் கடிகாரம் இப்போதே காட்டிக்கொண்டு நிற்கிறது. சாப்பாட்டு மேசையில், உன் தட்டு வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

எனக்கு நீ வேண்டும், ரெமி. போனில் ஏனோ இது வாயில் வருவதில்லை. இன்னும் இரண்டு வருஷம் என்னால் முடியாது. இப்போதுதான் உன்னிடம் கேட்க எனக்கு இவ்வளவு இருக்கிறது. அந்த நிலாவுக்குக் கணக்கு எப்படி என்று கோர்பாஸ் சொல்ல வந்தார். நான்தான் நிறுத்தினேன். அதை நீ சொல்ல வேண்டும்.

நீ வருவது பிப்ரவரியைத் தாண்டிக் கொஞ்சம் பிந்தினாலும் கவலையில்லை, முன்னால் திருகிச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். கடிகாரத்துக்கு அது சரி. எனக்கு அது சரிப்படாது.

மலைக்குளிரில் காதை மூடிக்கொண்டு வேலை பார். ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். மற்ற மூன்றுக்கும் நான் சாவி கொடுத்துக்கொள்கிறேன். இதைத் தொட மாட்டேன். நீ வந்து ஓடவிடு.

உன்,
ஒதில்