கையைக் கேளுங்க மேடம்

20 ஜனவரி 2025, திங்கள்

இன்றும் மரத்துவிட்டது. காவலூர்ப் பக்கம் ஒரு மாடு, கன்று குறுக்கே கிடந்தது. கையுறை போட்டு முழங்கை வரை விட்டதுதான் தாமதம், வலது கை விரல்களில் உணர்வே இல்லை. வெளியே எடுத்து, "பஞ்சாட்சரம், நீங்களே பாருங்க, எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு" என்றேன். போன முறை தோள்பட்டை, அதற்கு முன்னால் சுளுக்கு. பஞ்சாட்சரம் எங்கள் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர், பதினெட்டு வருட சர்வீஸ். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையும் ஒரு பெருந்தன்மையோடு செய்கிறார், அதுதான் எரிச்சல்.

அக்டோபரிலிருந்து இப்படி. ஊசி போட முடிகிறது, ஸ்கூட்டர் ஓட்ட முடிகிறது, இதோ எழுதவும் முடிகிறது. மாட்டுக்குள் போனால் மட்டும் செத்துவிடுகிறது. வேலூரில் நரம்பு டாக்டர் கரண்ட் வைத்துப் பார்த்துவிட்டு, "நரம்பெல்லாம் சூப்பரா இருக்குமா" என்று என்னவோ மார்க் போடுகிறவர் மாதிரி சொன்னார். பிறகு ஒரு சீட்டில் வாணியம்பாடி விலாசம். மனசுக்குப் பார்க்கிறவர்களாம். மனசுக்கு!

பிரசவம் பார்க்க முடியாத மாட்டு டாக்டர் இந்த மலைக்கு எதற்கு? இன்னும் ரெண்டு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போய்த் தொலைக்கிறேன்.

25 ஜனவரி, சனி

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கு பஸ். செருப்புக் கடைக்கு மேலே மாடி. மனசுக்குப் பார்க்கிறவள் பெயர் மஹீன், இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். மேசையில் டிஷ்யூ பெட்டி. வருகிறவர்கள் அழுவார்கள் என்று என்ன நம்பிக்கை! நாங்கள் இரண்டு பேர், அறையில் நாலு நாற்காலி.

"உங்களுக்குள்ள ஒரே ஆள் இல்ல மேடம். பல பேர் இருக்காங்க. எல்லாருக்குமே அப்படித்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை."

பல பேர் இருந்தால் ஏன் ஒரு சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். சிரித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

அடுத்து, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "கையைக் கேளுங்க மேடம், அதுக்கு என்ன சொல்லணும்னு" என்றாள். கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கை என்ன சொல்லும்? நக இடுக்கில் இருந்த டிங்சரைத்தான் பார்த்தேன்.

27 ஜனவரி

இத்தனை பேர் உள்ளே இருந்தும் இன்று மலைக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போக ஒருத்தியும் வரவில்லை. நான்தான் போனேன்.

1 பிப்ரவரி, சனி

இரண்டாவது தடவை. ஏன் போனேன் என்று தெரியவில்லை. நரம்பு டாக்டருக்கு ரிப்போர்ட் காட்ட வேண்டுமே என்று வைத்துக்கொள்வோம்.

இவள் செய்வதை மலையில் பூசாரி செய்கிறார். சாமி வந்து ஆடுகிறவளிடம், "வந்திருக்கறது யாரு? இன்னா வேணும் உனக்கு?" அதே கேள்வி. அங்கே வேப்பிலையும் உடுக்கையும், இங்கே ஏசியும் டிஷ்யூவும். இதை மஹீனிடமே சொன்னேன். "ஆமா மேடம், நல்ல கேள்விதானே?" என்கிறாள். திட்டினால் கூட வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பெண்.

பிறகு சொன்னாள்: "இப்ப என்கிட்ட பேசறது, கிண்டல் பண்றவங்க. வந்ததுலருந்து அவங்க மட்டும்தான் பேசறாங்க. அவங்கள அந்தப் பக்கத்து நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லலாமா?"

காலி நாற்காலியைப் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் வளைந்திருந்தது. உட்கார்ந்தால் விழுந்துவிடுவாள் என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யார் விழுந்துவிடுவாள்?

5 பிப்ரவரி, புதன்

செவ்வந்தி வந்தாள், குடற்புழு மருந்து வாங்க. போன அக்டோபரில் மாட்டைச் சாகக் கொடுத்தவள். மாடும் போச்சு, உள்ளே கன்றும் போச்சு. "உரிமையாளர் தாமதமாகத் தகவல் தெரிவித்ததால்" என்று ரிஜிஸ்டரில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இந்த ஜனங்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் நேரத்தில் கூப்பிடத் தெரியாது.

செத்த மாடு முன்பு ஈன்ற கிடேரி இப்போது தலைச்சன் சினை, மார்ச்சில் ஈனும். மருந்தை வாங்கிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"டாக்டரம்மா, எப்ப கூப்பிடணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. போன தபா மாதிரி நான் லேட்டு பண்ணிடப் போறேன். வூட்ல என்ன மாட்டுகிட்டயே வுட மாட்டேன்றாங்க. நான் தொட்டா ஆகாதாம்."

எழுதிக் கொடுத்தேன். பனிக்குடம் உடைந்ததும் உடனே தகவல் சொல்லவும். அடிக்கோடு வேறு போட்டேன். அவள் அந்தச் சீட்டை ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துக்கொண்டாள். படிக்கத் தெரியுமோ என்னவோ.

சீட்டை நீட்டியபோது கை ஏன் மரத்தது? மாடே இல்லையே அங்கே.

8 பிப்ரவரி, சனி

எழுத முடியவில்லை. நாளைக்கு.

9 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிட்டேன். இன்னாத்துக்குச் சொன்னேன்? அந்தப் பொண்ணு ஒண்ணும் மிரட்டல, ஒண்ணும் துருவல. கிண்டல் பண்றவள அந்த நாற்காலியில உக்கார வெச்சா. என்னப் பாக்கல, நாற்காலியப் பாத்துக் கேட்டா: "நீங்க இவ்ளோ நாளா இவங்கள காப்பாத்திருக்கீங்க. இந்த வேலைய ஒரு நாளு நிறுத்தினா என்ன ஆயிடும்னு பயமா இருக்கு?"

பயமா, எனக்கா, என்று சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"செவ்வந்தி மாட்ட நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சிடும்."

இனி ஒழுங்காக எழுதுகிறேன். இந்த நோட்டிலாவது ஒரு தடவை ஒழுங்காக இருக்கட்டும்.

அக்டோபர் மாதம். செவ்வந்தி காலை ஏழு மணிக்கே ஆள் அனுப்பிவிட்டாள். தாமதம் அவளுடையது இல்லை. நான் போய்ச் சேர்ந்தது பத்துக்கு. பன்னிரண்டு மணிக்குத் திருப்பத்தூரில் மீட்டிங். கன்றின் தலை பின்னால் மடிந்திருந்தது. அதைத் தள்ளி, நேராக்கி, கருப்பை வாய் திறக்கும்வரை காத்திருந்து இழுக்க வேண்டும், முதல் வருட மாணவிக்கும் தெரியும். செவ்வந்தி மாட்டின் விலாவில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இருங்கம்மா, இன்னும் வாயி தெறக்கல." நான் சொன்னேன்: "நீ டாக்டரா, நான் டாக்டரா?" கயிறு கட்டி, நாலு ஆம்பளைகளை இழுக்கச் சொன்னேன்.

கருப்பை கிழிந்தது என் கையில் தெரிந்தது. வலது கையில். உள்ளே சூடாக வந்து நிறைந்தது. வெளியே நின்றவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்கும் கைக்கும் மட்டும்தான் தெரியும்.

மீட்டிங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். போண்டா போட்டார்கள். சாப்பிட்டேன்.

11 பிப்ரவரி

ரிஜிஸ்டரை எடுத்தேன். பஞ்சாட்சரம் பார்த்தார். வைத்துவிட்டேன்.

15 பிப்ரவரி, சனி

மஹீனைத் திட்டவே போனேன். ஒருத்தியை உட்கார வைத்து வாயைப் பிடுங்குவது என்ன வைத்தியம் என்றேன். நீ மாட்டுச் சாணியாவது மிதித்திருக்கிறாயா என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது இவ்வளவுதான்: "கிண்டல் பண்றவங்கள கேளுங்க மேடம். அவங்க உங்களுக்கு என்ன வயசுன்னு நினைக்கறாங்க?"

இருபத்து நாலு. யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது.

முதல் போஸ்டிங். சொந்த ஊர் சந்தவாசலைத் தாண்டாத பெண், மாட்டுக்குள் கை விட்டுக்கொண்டு மண்டியிட்டிருக்கிறேன். சுற்றிப் பத்துப் பதினைந்து ஆம்பளைகள். "பொம்பள இன்னா கிழிச்சிடப் போறா" என்று ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். கன்று உயிரோடு வந்தது, அப்போதும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யாரும் வாயைத் திறக்கும் முன்னால் நான் திறந்துவிடுவது வழக்கம். இருபது வருடம் நன்றாகத்தான் ஓடியது. செவ்வந்தி சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் போகும்வரை.

"அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க" என்றாள் மஹீன். இதெல்லாம் ரொம்ப ஓவர். சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது டிஷ்யூ ஒன்று கைப்பையில் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

செவ்வந்தி வீட்டுக்குப் போனேன். சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், எல்லாவற்றையும். கிழிந்தது, மீட்டிங், ரிஜிஸ்டர். முறம் நின்றுவிட்டது.

என்ன எதிர்பார்த்தேன்? அழுவாள், காலில் விழாத குறையாக "பரவால்லம்மா" என்பாள் என்று உள்ளே ஒருத்தி எதிர்பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

"அப்ப நாலு மாசமா நான் எதுக்கு அழுதேன்?" என்றாள்.

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"சீட்டு வேற எழுதிக் குடுத்தீங்களே. கோடு போட்டு." ரேஷன் கார்டு கவரிலிருந்து அதை எடுத்து என் கையில் திணித்தாள். "எங்க வூட்டு ஆளுங்கள கூப்புடறேன். எங்கிட்ட சொன்னத அப்டியே சொல்லுங்க. அப்பறம் போங்க. மூஞ்சப் பாக்கவே புடிக்கல."

அவளுடைய மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் என்று ஒன்பது பேர். ஒருமுறை சொன்னேன். மாமியாருக்குக் காது கேட்காது என்று இன்னொரு முறை கத்திச் சொல்லச் சொன்னாள். கத்திச் சொன்னேன்.

20 பிப்ரவரி

அக்டோபரில் நடந்ததை உதவி இயக்குநருக்குக் கடிதமாக எழுதினேன். பஞ்சாட்சரம் படித்துப் பார்த்துவிட்டு, "தேதி போடல மேடம்" என்றார். போட்டு அனுப்பினேன். பதினெட்டு வருடத்தில் அவர் என்னைத் திருத்துவது முதல் தடவை. எத்தனை முறை திருத்த நினைத்திருப்பார்.

1 மார்ச், சனி

விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. இன்க்ரிமெண்ட் போகலாம், வேறு ஊருக்குத் தூக்கி அடிக்கலாம். மஹீனிடம் காட்டினேன், ஏதோ மார்க் ஷீட் காட்டுகிற மாதிரி. சே.

"கை எப்படி இருக்கு?"

தெரியாது. யாரும் கூப்பிடவில்லை. மலை முழுக்கத் தெரிந்துவிட்டது, எல்லோரும் நேராகப் பஞ்சாட்சரத்துக்குத்தான் போன் போடுகிறார்கள்.

14 மார்ச், வெள்ளி

காலை எட்டரைக்குச் செவ்வந்தி வீட்டுக்காரர் ரங்கசாமி வந்தார். என்னைப் பார்க்காமல், "பஞ்சாட்சரண்ணே, கெடேரிக்கு வலி வந்துட்ச்சி" என்றார். பஞ்சாட்சரம் பையை எடுத்தார். நான் அவர் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

செவ்வந்தி கிடேரியின் பக்கத்தில் இருந்தாள். அவளை மாட்டிடம் விட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாளித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஞ்சாட்சரம் முயன்றார். அவர் கை தடிமன், தலைச்சன் மாடு, போகவில்லை. வியர்த்து எழுந்து நின்றார். "தலை மடிஞ்சிருக்கு. என் கை நுழையாது" என்றார்.

செவ்வந்தி என் கையைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல.

"கழுவிக்கினு வாங்க" என்றாள். "நான் சொல்ற வரைக்கும் இழுக்கக் கூடாது."

மணிக்கட்டு வரை போனதுமே மரக்க ஆரம்பித்தது. உள்ளே ஒருத்தி, இருபத்து நாலு வயதுக்காரி, வழக்கம்போல வாயைத் திறந்தாள்: பெரிய டாக்டரு, ஒரு பட்டிக்காட்டுப் பொம்பள சொல்றதக் கேட்டுக்கினு. நீ கொஞ்ச நேரம் உட்காரம்மா என்றேன், மனதுக்குள்தான். உட்கார்ந்தாளா தெரியவில்லை. விரல் நுனியில் மூக்கு தட்டுப்பட்டது. ஈரமாக இருந்தது, அசைந்தது. தலையைத் தள்ளி நேராக்கினேன்.

அப்புறம் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். செவ்வந்தி விலாவில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு முட்டி வலித்தது, சொல்லவில்லை.

"இப்ப" என்றாள்.

இழுத்தேன்.

கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளை. செவ்வந்தி அதைத் துடைக்கிற மும்முரத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. நன்றி இல்லை, உட்காருங்க இல்லை. பஞ்சாட்சரத்துக்கு மட்டும் காபி வந்தது.

கொடுத்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். பொய். குடித்திருப்பேன்.