காய்ந்த ஒலிவ் விறகு, நானூறு கிலோ

பலேர்மோ,
24 பெப்ரவரி 2026

கன்னியர்மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஒரே வாங்கில் என் வலப்பக்கம் இருந்த புனிதமலருக்கு யோகாம்பாள் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தைப் படமெடுத்து உன் தம்பி மகள் கேசிகா என் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தாள். பெருப்பித்து இரண்டு தரம் வாசித்தேன். உன் எழுத்து இன்னும் கோட்டைவிட்டு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மதர் பார்த்திருந்தால் வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டியிருப்பார். உடனே தொலைபேசியில் பதில் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாய். நான் எழுதியே பதில் சொல்கிறேன்.

என் முழங்கால் பரவாயில்லை. வீட்டுக்கு எழுபத்திரண்டு படி. இன்னும் கைபிடிக்காமல் ஏறுகிறேன். போர்கோ வெக்கியோ சந்தை மீன்காரன் வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் பழைய மீனைத் தள்ளப் பார்க்கிறான். இன்னும் அவனால் முடியவில்லை.

இனி உன் தம்பி விஷயம்.

செல்வராசாமீது நான் பழைய கோபத்தைத் தீர்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மை. மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எதற்கென்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லைப் போலிருக்கிறது.

பலேர்மோ நகருக்குள் குளிர் பெரிதில்லை. மேலே மலை ஊர்களில்தான் வீட்டுக்கு வீடு விறகடுப்பு எரியும். அந்த ஊர்களுக்கு ஏறும் வீதியில் என் கணவர் இராஜநாயகம் விறகுக்காலை, அதுதான் விறகு அடுக்கி விற்கிற வளவு, நடத்தியது உனக்குத் தெரியும். பதினாறு வருடங்களுக்கு முன் நீ ஊரிலிருந்து தம்பிக்கு வேலை கேட்டு எழுதினாய். நான் கேட்டேன், அவர் சேர்த்துக்கொண்டார். பிறகு பங்கும் கொடுத்தார்.

இங்கே விறகை நிறுத்துத்தான் விற்பார்கள். ஈரவிறகு பாரம் கூடும். வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, வீட்டில் புகையோடு கிடந்து அழவேண்டும். அவர் அப்படி விற்றதில்லை. இரண்டு கோடை காயவிடுவார். அரசாங்க முத்திரை பதித்த தராசில் வாங்குபவரின் கண்முன்னே நிறுப்பார். எந்தத் தோட்டத்து மரம் என்று கடதாசியும் கொடுப்பார். இதனால் போட்ட முதல் இரண்டு வருடம் அடுக்கிலேயே முடங்கிக் கிடக்கும். அது அவருக்குப் பெருமை, எனக்குச் சிக்கனம்.

எரிவாயு விலை ஏறிய வருடம் எல்லோரும் விறகுக்கு ஓடினார்கள். விறகின் விலையும் ஏறியது. உன் தம்பிக்கு இரண்டு கோடை பொறுக்க மனமில்லை. பச்சை விறகை வாங்கிக் கலந்தான். போதாததற்குப் பின்னேரங்களில் குழாய்த் தண்ணீர் அடித்துவிட்டு அடுத்த நாள் காலை நிறுத்தான். ஒரு வாடிக்கையாளர் முறையிட்டார், பரிசோதகர்கள் வந்தார்கள். அவர்களிடம் செல்வராசா என்ன சொன்னான் தெரியுமா? தான் கூலிக்கு நிற்பவன் என்றும், முதலாளி சொன்னபடியே தண்ணீர் அடித்ததாகவும் சொன்னான். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில். தண்டமும் அவர் பெயரில் வந்தது.

அதன்பின் எங்கள் ஆட்களே அவரைச் சந்தையில் கண்டு, "ஐயா, இண்டைக்குத் தண்ணி கிலோ என்ன விலை?" என்று கேட்டுச் சிரித்தார்கள். விறகுக்காலையை உன் தம்பிக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தார். உண்மையைப் போய்ச் சொல்லுங்கள் என்று எத்தனை நாள் மன்றாடினேன். ஒரேயொரு தரம் பதில் சொன்னார்: "விடுமப்பா. உம்மடை புனிதத்தின்ரை தம்பியெல்லே." பதினாலாம் மாதம் போய்விட்டார். செத்தவீட்டுக்கு உன் தம்பி கொண்டுவந்த மலர்வளையம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். நான் காத்திருந்தேன்.

இந்த முறை பொங்கலை ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்து முற்றத்தில் வைத்தோம். விறகு செல்வராசாவின் அன்பளிப்பு. சும்மா கொடுத்தால் அவனுக்கு மனம் ஆறுமா? பெறுமதி எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று முறையான பற்றுச்சீட்டும் எழுதி, ஒலிபெருக்கி பிடிக்கும் பிறின்ஸிடம் கொடுத்திருந்தான். பிறின்ஸ் அதைத் தேவாரம் படிப்பதுபோல இழுத்து வாசித்தான்: காய்ந்த ஒலிவ் விறகு, நானூறு கிலோ, இன்ன தோட்டத்தில் கொப்புத் தறித்துக் கவ்வாத்துப் பண்ணியது, இத்தனை யூரோ. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுப்பு மூட்டும் பொறுப்பு என்னுடையது. இரண்டு கட்டையைத் தூக்கி வைத்தேன். நெருப்புக்குச்சி தட்டமுதலே என் கை இரண்டும் கரி. பட்டையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். மேலே கரி, உள்ளே பச்சை. அதோடு அது ஒலிவும் இல்லை, மலைக்காட்டு ஓக். போன கோடையில் நெருப்புப் பிடித்த காட்டு மரம். அந்தக் காட்டில் ஒரு கொப்பு வெட்டுவதற்கும் எவருக்கும் உரிமையில்லை.

ஒரு மணித்தியாலம் ஊதினோம். பால் பொங்கவில்லை, பொம்பிளையளின் கண்தான் பொங்கியது. மலைவீட்டு இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவுக்கு இந்த விறகை விற்கலாம். அங்கே நின்ற நாங்கள் அத்தனை பேரும் விறகடுப்பு ஊதி வளர்ந்தவர்கள் என்பதை அவன் மறந்துபோனான். ஒருத்தி, "செல்வராசா அண்ணை, இது பொங்கல் விறகோ, நுளம்புக்குப் புகை போடுற விறகோ?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அண்ணை கிணத்துக்கை இருந்து வெட்டினவர் போல" என்றாள். கடைசியில் யாரோ காஸ் அடுப்புக் கொண்டுவந்துதான் பொங்கினோம்.

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் பிறின்ஸிடம் அந்தப் பற்றுச்சீட்டைக் கேட்டேன். "என்னத்துக்கு அன்ரி?" என்றான். ஞாபகத்துக்கு என்றேன். இரண்டு கட்டையைச் சேலைக்கடைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் பஸ் ஏறி வன இலாகாக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளம் அதிகாரிப் பெண் கட்டையைப் பிளந்து பார்த்தாள், பற்றுச்சீட்டைப் பார்த்தாள், பிறகு எழுந்து எனக்கு ஒரு கதிரை போட்டாள். அந்தக் கிழமையே விறகுக்காலையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

போன மாதக் கடைசியில் உன் தம்பி பெண்சாதியோடு என் வீட்டுக்கு வந்தான். நல்ல கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுத்தேன். "அக்கா, பிழை விட்டிட்டன். அந்தக் கட்டையள் என்ரையெண்டு நிச்சயமாத் தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்" என்று அழுதான். சொல்கிறேன் என்றேன். ஓம் புனிதம், சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். அடுத்த ஒன்றுகூடலில் அதே ஒலிபெருக்கியைப் பிடித்து, விறகுக்குத் தண்ணீர் அடித்தது நான், இராஜநாயகம் அண்ணை இல்லை என்று சொல்; நானும் சொல்கிறேன் என்றேன்.

கோப்பையைத் தள்ளி வைத்தான். "அது மட்டும் ஏலாதக்கா. நாளைக்கு நான் சனத்தின்ரை முகத்திலை முழிக்கிறேல்லையோ?" என்றான்.

அவர் முழிக்காமலே செத்தவர். கதவைத் திறந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, 27ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு நான் போய் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அந்த இரண்டும் எங்கேயோ கிடந்த வெறும் கட்டைகள் என்று அவனுக்காக வழக்குப் பேசும் அப்புக்காத்து சொல்லிவிடுவார். வைத்தால் தண்டம் பெரிது, விறகுக்காலையும் போகும்.

விறகுக்காலை போனால் உனக்கு மாதாமாதம் வருகிற காசும் நின்றுவிடும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை மட்டும் மூன்றாந்தரமும் வாசித்தேன். அந்தக் காசை நான் அனுப்புகிறேன் என்று எழுதப் போனேன். எழுதினால் நீ கிழித்தெறிவாய். உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் மனம் மாறினால் கேள். காரணம் கேட்காமல் அனுப்புவேன்.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க மூன்று கிழமை செல்லும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். நீ இதை வாசிக்கும்போது வெள்ளிக்கிழமை எப்போதோ முடிந்திருக்கும். அதுவரைக்கும் என் தொலைபேசி நிறுத்தியே இருக்கும். உன் குரலைக் கேட்டால் என் கை கையெழுத்து வைக்காது.

கடவுள் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். என்னை ஏசவேண்டும் போலிருந்தால் ஏசு. ஆனால் அதை உன் கையாலேயே எழுதி அனுப்பு. ஒரு வரியென்றாலும் போதும்.

என்றும் உன்னுடைய,
யோகாம்பாள் இராஜநாயகம்