ஐந்து வருடம் கழித்து அக்காவுக்கு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

ஐந்து வருடமாகப் பேசாதவள் எழுதுகிறாளே என்று கிழித்துவிடாதே. போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டை வரும். காகிதம் குறுக்கே பேசாது.

அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் மாமனார் பெயர். என் கண்ணில் படவேயில்லை. அறுநூறு பிரதி அச்சாகிவிட்டது. முதலாளியம்மா திட்டாததுதான் வலித்தது.

தூக்கம் இல்லை. திடீரென்று கழுத்து கொதித்து உடம்பெல்லாம் நனைகிறது. மாதவிடாய் ஒருமுறை இருபது நாளில், அடுத்தது ஐம்பது நாளில். டீ ஆறிப்போனதற்காக வீட்டுக்காரரிடம் கத்திவிட்டு, குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்குக் கடைசியில் வந்த மறதி எனக்கு நாற்பத்தாறிலேயே வந்துவிட்டதோ? ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். கேட்க உன்னைவிட்டால் யாரும் இல்லை.

உன் தங்கை

மார்ச் 9

அடி மண்டு,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். மாமனார் மாப்பிள்ளையான இடத்தில் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

உனக்கு அப்பாவின் மறதி இல்லை என்றுதான் நினைக்கிறேன். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள் இப்படித்தான் படுத்தும். எனக்கு நாற்பத்தேழில் ஆரம்பித்தது. இன்னதென்று தெரியாமலே இரண்டு வருடம் தவித்தேன். கடைசியில் ஒரு டாக்டரம்மா, "இதைப் பல்லைக் கடிச்சுட்டுத் தாங்கணும்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

நீயும் போ. தேதிகளைக் குறித்துக்கொண்டு போ. உன் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போ. ராஜினாமாவைக் கொடுத்துவிடாதே.

அக்கா

மார்ச் 28

அக்கா,

போனோம். ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒன்றுமில்லை. நீ சொன்னதேதான். "அப்பாவோட மறதி வேற, இது வேற" என்றார் டாக்டர். எனக்குப் பொருந்தும் மருந்தைப் பேசி முடிவுசெய்தோம். "நான் என்ன பண்ணணும் டாக்டர்?" என்று கேட்டார் இவர். "அவங்க சொல்றதக் கேளுங்க. பதில் சொல்ல அவசரப்படாதீங்க." பாவம், மூன்று நாளாக வாயே திறக்கவில்லை.

முதலாளியம்மாவிடமும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் மூணு வருஷமா இதேதான். யார்கிட்டயும் சொல்லல" என்றார். ராஜினாமாவைக் கிழித்தேன். அடுத்த வாரம் அவரை நான் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

பிறகுதான் உறைத்தது. ஐந்து வருடம் முன்பு, என் மகள் பட்டம் வாங்கியதற்கு வைத்த விருந்தில் நீ கோபித்து எழுந்தபோது உனக்கு நாற்பத்தேழு. முகமெல்லாம் வியர்த்து நின்றாய். அத்தனை பேர் முன்னால், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மன்னித்துவிடு அக்கா.

தங்கை

ஏப்ரல் 4

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் கத்திரிக்கோலைத் தொட முடியவில்லை.

அன்று கோபம் உன்மேல் இல்லை, என் உடம்பின்மேல். "என்னக்கா ஆச்சு?" என்று யாராவது வந்து கேட்பார்களா என்று வாசலில் பத்து நிமிடம் நின்றிருந்தேன். இப்போது நீயாகவே புரிந்துகொண்டாய். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். ஐந்து வருடக் கதை பேச வேண்டும், நடுவில் சண்டையும் போட வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற கட்டில் எனக்கு. மூத்தவள் நான்.

உன் அக்கா