சத்தம் வராத வில்

ஜனவரி 5, திங்கள்

காலையில் பனி. வண்டி பத்து உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. பேட்டரி மாற்ற வேண்டும். கறிவேப்பிலை மறந்தாயிற்று.

மாலை ஆறுக்கு ஒத்திகை. ஞாயிறு ஆண்டு விழா. பெரியநாயக்கன்பாளையம் சமுதாயக் கூடத்து மாடியில்தான் எங்கள் இசைப் பள்ளி. யாரும் சேரலாம், வயது வரம்பு இல்லை என்று வாசலில் போர்டு. பாட்டுக்கு விஸ்வநாதன் சார், வயலினுக்கு நான். அவருடைய மாணவர்கள் பதினான்கு பேரும் சேர்ந்து ஒரு முருகன் பாட்டு, நான் பக்கவாத்தியம்.

பின்வரிசையில் மரகதம் அக்கா. வயது ஐம்பத்து நான்கு. பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. ஷிப்டு முடிந்து நேராக வருவார், விரல்களில் வார்னிஷ் கறையோடு. இன்று அவருக்கு மூன்றடி தள்ளி எனக்கு இடம். வாய் அசைகிறது. சத்தம் இல்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் கேட்டேன்.

"தொண்டையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. வாயை மட்டும் அசைச்சாப் போதும்னு சார் சொல்லிப்போட்டாருங்க."

விழாவுக்காகவா என்றேன்.

"இல்லீங்க டீச்சர். கிளாஸ்லயே அப்படித்தான். பத்து மாசமா."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பத்து மாதம். வாரம் இரண்டு வகுப்பு. ஒரு மனுஷி வாய் திறந்து சத்தம் போடாமல் பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் நான். வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன், தண்ணீர் ஊற்றவில்லை. அரிசி கருகிய பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

வி. சாரிடம் கேட்டுவிட்டேன். மறுக்கவே இல்லை. சுருதிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பேசினார். அந்தக் குரல் சேராது, பக்கத்தில் நிற்பவர்களையும் இழுத்துவிடும், பெற்றோர் வீடியோ எடுக்கிறார்கள், போர்டு அப்படி இருக்கும்போது வராதே என்று சொல்லவும் முடியாது, அந்தம்மா சந்தோஷமாகத்தான் வந்து போகிறார். இவ்வளவும் ஒரே மூச்சில். இருபது வருஷ அனுபவம் என்று நடுவில் இரண்டு தடவை.

கற்றுக்கொடுக்க வந்தோமா, ஆளை நிறுத்தி வைக்க வந்தோமா என்று கேட்டேன். கீழே ரேஷன் கார்டுக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம். அவர் குரலை உயர்த்தவில்லை.

"போன வருசம் பிரியாவுக்கு நீங்க என்ன பண்ணுனீங்க டீச்சர்? நானும் பார்த்துட்டுத்தானுங்க இருந்தேன்."

இறங்கி வந்துவிட்டேன். ஹெல்மெட் அங்கேயே.

எழுதிவிடுகிறேன். பிரியா என்னிடம் இரண்டு வருஷம் வயலின் படித்தவர். வெள்ளகோவில் பெண், இங்கே கல்யாணம் ஆகி வந்து தையல் கடை வைத்திருக்கிறார். போன ஆண்டு விழா. ஒத்திகையில் அவருடைய ஸ்வரங்கள் கொஞ்சம் விலகின. கொஞ்சம்தான். மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது, உங்கள் வில் தொளதொளவென்று இருக்கிறது, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புது வில்லைக் கொடுத்தேன். ரோசின் தேய்க்காத வில். அந்தப் பிசின் தேய்க்காவிட்டால் வில் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. தெரிந்தேதான் கொடுத்தேன். நிகழ்ச்சி பிரமாதம் என்றார்கள். பிரியா அதற்குப் பிறகு இரண்டு வகுப்பு வந்தார். அப்புறம் கடையில் வேலை அதிகம் என்று போன். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

வி. சார் மேல் கோபம் இதனால் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இப்போது என் மேலும் சேர்த்து.

ஜனவரி 7, புதன்

ம. அக்காவை அரை மணி முன்னதாக வரச் சொல்லியிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பாடச் சொன்னேன். முதலில் ஐந்தரைக் கட்டை சுருதி. வி. சார் எல்லாருக்கும் வைப்பது அதுதான், பாதிப் பேர் சின்னப் பெண்கள் என்பதால். மேலே போகப் போகக் குரல் கிழிந்தது. சார் சொன்னது பொய்யில்லை.

வயலின் சுருதியை இறக்கினேன். நாலரை. மூன்றரை. மூன்று கட்டையில் ஸட்ஜம் பிடித்தார், அங்கேயே நின்றது. கரகரப்பான குரல். ஆனால் இடம் தப்பவில்லை. முழுப் பாட்டும் தெரியும், சங்கதிகள் உட்பட. எல்லாம் உள்ளுக்குள்ளேயே பாடிப் படித்தது.

பாடி முடித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ற குரல்தானுங்களா?" என்று கேட்டார். பிறகு, "சாருக்கு இது தெரியாதுங்களா?"

தெரியாமல் இருக்குமா. இறக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. சுருதிப் பெட்டியில் ஒரு குமிழைத் திருப்ப வேண்டும். இருபது வருஷ அனுபவம்!

ஜனவரி 9, வெள்ளி

பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டு போனேன்.

கடைசி ஒத்திகை. ம. அக்கா ஒரு சரணம் மட்டும் தனியாக, மூன்று கட்டையில் பாடட்டும், நான் வாசிக்கிறேன் என்று வி. சாரிடம் சொன்னேன். முடியாது என்றார். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது, பள்ளிச் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார், விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம். ம. அக்கா படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சார், ஞாயித்துக்கெழமை நான் நிக்கலீங்க. பாடறதுன்னா வாரேன். வாயசைக்கறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க."

சார் நோட்டைப் புரட்டினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

விழா. பச்சைப் பட்டு, ஃபால்ஸ் பிரிந்து ஊக்குக் குத்தியது. தலைமை விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். பதின்மூன்று பேர் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். அதுதான் எரிச்சல். இறங்கும்போது வி. சார், "பார்த்தீங்களா டீச்சர்" என்றார்.

வாசிக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசித்தேன். ம. அக்கா விட்ட இடத்தில் வேறொரு பெண்ணை நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள்.

ஜனவரி 12, திங்கள்

பிரியா கடைக்குப் போனேன். பொங்கல் அவசரம், கழுத்தளவு பிளவுஸ் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை தாங்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன், வில், ரோசின், எல்லாம்.

மெஷினிலிருந்து காலை எடுத்தார்.

"ஊட்ல நல்லா வந்த சத்தம் அன்னைக்கு மேடையில வரலீங்க. பயத்துல கை செத்துப்போச்சு, நமக்கு இது ஆகாதுன்னு விட்டுப்போட்டேன். ஒரு வருசமா அப்படித்தான் நெனச்சுட்டு இருக்கறேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப எதுக்குங்க வந்து சொல்றீங்க? உங்க மனசு லேசாகோணும்னுங்களா?"

ஆமாம், அதுவும்தான் என்றேன். அதற்குள் இரண்டு பேர் துணியோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அளவெடுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"இப்பப் படிக்கறவிங்ககிட்டச் சொன்னீங்களா?"

இல்லை.

"அங்க போயிச் சொல்லுங்க டீச்சர்."

திரும்ப வருவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் லீவு முடிந்தது. பல் பிடுங்கியாயிற்று. செயலாளர் நேற்று போன் செய்தார். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் தலையிடக் கூடாதாம். சரி, அக்காவை என் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன், வயலினோடு பாட்டும் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறாராம். யோசிக்கட்டும். அக்கா இன்று ஏழரைக்கே வந்துவிட்டார். மூன்று கட்டையில் ஒன்றரை மணி நேரம். கதவைத் திறந்தே வைத்தேன். வி. சார் கடந்து போனார், நிற்கவில்லை.

பத்து மணிக்கு வயலின் வகுப்பு. பதினொரு பேர். பாடம் ஆரம்பிக்கும் முன் நின்றுகொண்டு சொன்னேன். போன வருஷம் உங்களில் ஒருவராக இருந்தவருக்கு நான் செய்தது இது என்று. பெயர் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன்.

பேங்கில் ரிட்டயர் ஆன துரைசாமி அண்ணன் தன் வில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"எங்குளுதுல ரோசின் போட்டிருக்கீங்களா டீச்சர்?"

ரோசின் கட்டியை மேசை மேல் வைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து தங்கள் வில்லுக்குத் தாங்களே தேய்த்துக்கொண்டார்கள். கம்பியில் ஒரு தடவை இழுத்துக் கேட்டுவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார்கள். பதினொரு பேரும்.